உள்ளே வரும் வழி

இணைப்பு கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் தனபாலன் முதலில் செய்த காரியம், எழுந்து போய் அறைக் கதவைத் தாழிட்டதுதான். தாழிட்ட பிறகு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேனேஜர் எதற்குத் தாழிட்டுக்கொள்கிறார் என்று வெளியே கணக்கு பார்க்கும் ரெஜினா மேடம் நினைப்பாரோ என்று தோன்றியது, தாழை நீக்கினான். நீக்கிவிட்டு வந்து உட்கார்ந்தபோது அலுவலகக் கம்ப்யூட்டரின் திரை நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம் விழுந்திருந்தது. அதற்குள் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக அவன் வீட்டுத் திரை வந்துகொண்டிருந்தது. மகள் ஆர்த்தி ஏற்காட்டில் எடுத்து வைத்துவிட்டுப் போன படகுப் படம், அதன்மேல் ஓரமாக அவனுடைய வருமானவரிக் கோப்பு, மூலையில் கடிகாரம். அந்தக் கடிகாரமும் இந்த அறைச் சுவர்க் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டியதில் அவனுக்கு அர்த்தமில்லாத ஒரு திடுக்கிடல். அப்படியென்றால் இது படமல்ல, இப்போது நடப்பது. செவ்வாய்ப்பேட்டையில் விதை மூட்டைகளுக்கு நடுவே இருக்கும் இந்த அறைக்கும் அழகாபுரத்து வீட்டுக்கும் இடையில் இத்தனை தெரு, இத்தனை பஸ், ஒரு ரயில்வே கேட். எதுவும் குறுக்கே வரவில்லை. ஒரு வாரமாக முயன்றும் வெறும் ‘பதில் இல்லை’. இன்றும் அப்படித்தான் வரும், வந்தால் விட்டுவிடலாம் என்றுதான் காலையில் பைக்கில் வரும்போது நினைத்துக்கொண்டான். விட்டுவிடத்தான் விரும்பினேன் என்று யாரிடமாவது சொல்லிவைக்கவேண்டும்போல இருந்தது. ஆனால் விட்டுவிட விரும்புகிறவன் நெட் கம்பெனிக்குப் போன் செய்து, வெளியிலிருந்து வீட்டு கம்ப்யூட்டருக்கு வர ஒரு தனி விலாசம் வேண்டும் என்று கேட்பானா? எதுக்கு சார் என்று அந்தப் பெண் கேட்டாள். வீட்டுல கேமரா மாட்டப்போறோம்மா, திருட்டு பயம். எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. திருட்டு பயம்.

ரூட்டர் என்பது வாசலில் நிற்கும் காவல்காரன் மாதிரி என்று அவன் பார்த்த வீடியோவில் ஒருவர் நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். வீட்டிலிருந்து வெளியே போகிறவரை அவன் ஒன்றும் கேட்க மாட்டான். வெளியிலிருந்து தானாக வருகிறவரை உள்ளே விட மாட்டான், உள்ளே யார் இருக்கிறார்கள் என்றுகூடச் சொல்ல மாட்டான். நாம்தான் அவனிடம் சொல்லிவைக்க வேண்டும், இந்த எண்ணைச் சொல்லி யாராவது வந்தால் நேராக இந்த கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடு என்று. வளர்மதி ஆத்தூரில் அவள் சித்தப்பா பேத்தி கல்யாணத்துக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, பனியனோடு உட்கார்ந்து, வீடியோவை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொன்றாகச் சொல்லிவைத்தான். வேலை செய்துகொண்டிருக்கும்போது ஒரு உற்சாகம் இருந்தது, அதை நினைத்தால்தான் இப்போது முகம் சுடுகிறது. எதற்காகச் செய்கிறோம் என்பது மறந்து, செய்வது மட்டும் இருந்தது. நாற்பத்தெட்டு வயதில் இதைக்கூடப் படித்துச் செய்ய முடிகிறதே என்று நடுவில் ஒரு டீ போட்டுக் குடித்தான். கடைசியில், வீட்டுத் திரையைத் தூரத்துக்குக் காட்ட ஏற்றிவைத்த மென்பொருள் ஒரு கேள்வி கேட்டது: வெளியிலிருந்து யாராவது பார்க்கும்போது அதற்கான அடையாளத்தைத் திரையில் காட்டவேண்டுமா, மறைக்கவேண்டுமா. அந்த இடத்தில் கை நின்றது. நின்றதா? நின்றது என்று நினைத்துக்கொள்வது நன்றாக இருக்கிறது. மறைக்கவும் என்ற கட்டத்தில் டிக் போட்டான். அன்று சாயங்காலம் அவள் கல்யாணத்து லட்டையும் தேங்காய்ப் பையையும் மேசைமேல் வைத்துவிட்டு, ‘தனியா இருந்து போரடிச்சுதுங்களா’ என்று கேட்டாள். இல்லை, சும்மா டிவி பார்த்துட்டிருந்தேன் என்றான்.

எல்லாம் அந்தக் கதவோரச் சத்தத்தில் ஆரம்பித்தது. ஆர்த்தி படிக்கச் சென்னைக்குப் போன பிறகு அவள் கம்ப்யூட்டர் அவள் அறையிலேயே கிடந்தது, அதில் வளர்மதி உட்கார ஆரம்பித்தாள். உட்காரட்டும், பகலெல்லாம் தனியாக இருக்கிறாள். ஆனால் அவன் செருப்பை விடும் சத்தம் கேட்டதும் உள்ளே ஒரு க்ளிக் கேட்கும். போய்ப் பார்த்தால் திரையில் படகு மட்டும் இருக்கும். ‘என்ன பார்த்துட்டிருந்த?’ ‘ஒண்ணுமில்லீங்க, சமையல்.’ ஒருநாள் அறைக்குள் தனியாகச் சிரித்தாள். தொண்டைக்குள் அடக்கிய சிரிப்பு, கல்யாணமான புதிதில் கேட்டது, இடையில் எங்கே போனது என்று அவனும் தேடாதது. இன்னொரு நாள் மேசையில் தட்டிக்கொண்டு ‘ச்சே’ என்றாள். அவனிடம் பேசும்போது அவள் குரல் அத்தனை உயிரோடு இருந்ததில்லை. யாரோ இருக்கிறான். அந்த யாரோவுக்கு அவன் முகம்கூடக் கொடுத்துப் பார்த்தான்: கொஞ்சம் வழுக்கை, கண்ணாடி, நல்ல தமிழ். கேட்டிருக்கலாம். மதி, யார்கூடப் பேசற என்று நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் கேட்டவன் சின்னவனாகிவிடுவான் என்று கேட்காமல் இருந்தான். கேட்காமல் இதைச் செய்தால் பெரியவனா? வெளியே டிபன் பாக்ஸ் திறக்கும் சத்தம். ‘சார், சாப்பிடலையா?’ என்று ரெஜினா மேடம் கேட்டார். ‘நீங்க சாப்பிடுங்க மேடம், கொஞ்சம் வேலை’ என்றான். வேலை என்ற சொல்லும் கேமரா என்ற பொய்யைப் போலவே வழுக்கிக்கொண்டு வந்தது.

திரையில் அம்புக்குறி அசைந்தது. அவன் அசைக்கவில்லை, இரண்டு கையும் மடியில் இருந்தன. அப்படியென்றால் அது அவள் கை. மவுஸின்மேல் அவள் வலது கை, அந்தக் கண்ணாடி வளையல் மேசையில் இடிக்காமல் இருக்க மேலே ஏற்றிவிட்டுக்கொள்வாளே, அந்தக் கை. அம்பு கீழே போய் ஒன்றைத் தொட, திரை முழுக்க ஒரு ஜன்னல் விரிந்தது. பார்க்காதே என்று யாரோ சொன்னதுபோல இருந்தது, பார்த்துக்கொண்டேயிருந்தான். கட்டங்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கட்டங்கள், அவற்றில் குதிரைகள், யானைகள், சிப்பாய்கள். செஸ். வேறு ஏதாவது வரும், இது மறைப்பு என்று காத்திருந்தான். வேறு எதுவும் வரவில்லை. எதிராளி எந்த நாட்டுக்காரனோ, பெயர் வாயில் நுழையவில்லை, பெயருக்குப் பக்கத்தில் அவன் அறியாத ஒரு கொடி. அவள் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளில் ‘வளர்பிறை’ என்று இருந்தது. தனக்கு அவள் வைத்துக்கொண்ட பெயர். அவள் தனக்கென்று ஒன்றுக்குப் பெயர் வைத்து அவன் பார்த்ததில்லை. மகளுக்குக்கூட அவன் அக்காதான் பெயர் சொன்னாள், இவள் சரி என்றாள். அம்பு ஒரு சிப்பாயைத் தூக்கி ஒரு கட்டம் முன்னால் வைத்தது. எதிரில் ஒரு குதிரை குதித்தது. அம்பு கொஞ்சமும் தயங்காமல் அடுத்ததை வைத்தது. அந்த வேகம். அரிசி களையும்போதும் துணி மடிக்கும்போதும் பார்த்துப் பழகிய கையில் இந்த வேகம் எங்கே இருந்தது?

எங்கே இருந்தது என்று தெரியும். கல்யாணமாகி வந்தபோது பெட்டிக்குள், புடவைகளுக்கு அடியில், மடக்குகிற ஒரு செஸ் போர்டு கொண்டுவந்தாள். பள்ளிக்கூடத்தில் மாவட்ட அளவில் ஆடினவள் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். பெண் பார்க்கும்போது சொல்வார்களே, பாட்டுத் தெரியும், கோலம் போடுவாள் என்று, அந்த வரிசையில் இதையும் அவன் கேட்டுக்கொண்டான். மழை பெய்த ஒரு சாயங்காலம் ஆடினார்கள். அவன் தோற்றான். மறுபடி ஆடி மறுபடி தோற்றான். அவன் நண்பன் பழனிவேல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். ‘வீட்டுல ரெண்டு பேருக்கு மூளை இருந்தா அடுப்பு யாரு பத்த வெக்கிறது’ என்று தனபாலன் சொன்னான், தமாஷாகத்தான், பழனிவேல் சிரித்தான், அவளும் சிரித்தாள். அடுத்த வாரம் ஆடியபோது அவள் தோற்றாள். அதற்கடுத்த முறையும். நன்றாகத் தோற்றாள், கொஞ்சம் போராடி, கடைசியில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்து. அவள் வேண்டுமென்று வைக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டே அந்த யானையை எடுத்தான். பிறகு போர்டு பரண்மேல் போனது, யார் வைத்தார்கள் என்று நினைவில்லை. அவனாக இருக்காது, அவளாகத்தான் இருக்கும், அவனுக்காக.

ஆட்டம் அவனுக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனாலும் அவள் பக்கம் காய்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்பதும், எதிரே ராஜா மூலையில் முடங்கிக் கிடப்பதும் தெரிந்தது. எதிராளி இப்போது ஒவ்வொரு காய்க்கும் நேரம் எடுத்தான். ஓரத்தில் இருந்த சின்னப் பெட்டியில் ஒரு வரி வந்தது, நன்றாக ஆடுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில். தனபாலனுக்குச் சுருக்கென்றது. இத்தனை பார்த்த பிறகும், இந்த வழுக்கையும் கண்ணாடியும் வந்து நிற்கின்றன. அவள் பதில் எழுதவில்லை. எழுதாததில் அவனுக்கு வந்த நிம்மதி, சுருக்கென்றதைவிடக் கேவலமாக இருந்தது. போதும், மூடிவிடலாம், தெரியவேண்டியது தெரிந்துவிட்டது. ஆனால் ஜெயிப்பாளா? அதை மட்டும் பார்த்துவிட்டு மூடலாம். எந்தத் தப்புக்கும் ஒரு நல்ல காரணம் பிறகு வந்து சேர்ந்துகொள்கிறது. இப்போது அவன் தன் மனைவியின் வெற்றியைப் பார்க்க ஆசைப்படும் கணவன், அவ்வளவுதான். கட்டங்கள் சின்னதாகத் தெரிந்தன, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்தான், பெரிதாக்கலாம் என்று மவுஸைப் பிடித்து நகர்த்தினான்.

அங்கே அம்பு நகர்ந்தது. அவள் ராணியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்த நேரம். ஒரு அம்பு, இரண்டு கை. ராணி பாதி வழியில் நடுங்கியது. அவள் ஒரு பக்கம் இழுக்க, அவன் கையை எடுக்கிற அவசரத்தில் விரல் அழுந்தி, ராணி எங்கோ போய் உட்கார்ந்தது. எங்கோ இல்லை, எதிராளியின் சிப்பாய்க்கு முன்னால் குறுக்குக் கட்டத்தில். சிப்பாய் அதை எடுத்துக்கொண்டது. தனபாலன் இரண்டு கைகளையும் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டான், சுடுபாத்திரத்தைத் தொட்டவன் மாதிரி. அந்தப் பக்கம் எதுவும் அசையவில்லை. அம்பு வெறும் கட்டத்தின்மேல் நின்றது. அவள் அங்கே உட்கார்ந்திருப்பதை அவனால் பார்க்க முடியவில்லை, ஆனால் பார்த்தான்: ஆர்த்தியின் சுழல் நாற்காலி, அதன்மேல் பழைய தலையணை, மவுஸைவிட்டு எடுத்து வாயருகே வைத்துக்கொண்ட கை. பிறகு அம்பு மெதுவாக, இருட்டில் ஆள் நடப்பதுபோல, ஓர் அங்குலம் போய் நின்றது. இன்னும் ஓர் அங்குலம். தன் சொல் கேட்கிறதா என்று அவள் சோதித்துப் பார்க்கிறாள். பக்கத்தில் போன் அதிர ஆரம்பித்தது. வளர்மதி.

எடுக்காமல் இருக்கலாம் என்று நினைத்தான், எடுத்தான். ‘என்னங்க.’ குரல் மிகத் தாழ்ந்து இருந்தது, அறைக்குள் யாரோ தூங்குகிறார்கள் என்பதுபோல. ‘என்னங்க, கம்ப்யூட்டருக்குள்ள யாரோ இருக்காங்க.’ ‘என்ன சொல்ற?’ என்றான். இந்தப் பேச்சின் முதல் பொய், கேள்வி வடிவத்தில். ‘அம்பு தானா நகருது. நான் தொடவேயில்ல. யாரோ பார்க்கறாங்கன்னு நினைக்கிறேன். எனக்குப் பயமா இருக்கு. கேமரா மேல துணியைப் போட்டு மூடிட்டேன். ஆர்த்தி படமெல்லாம் இதுலதானே இருக்கு?’ அவள் மூச்சு கேட்டது. அவனிடம்தான் ஓடிவந்திருக்கிறாள். யாரிடமிருந்து ஓடினாளோ அவனிடமே. ‘அது வைரஸா இருக்கும்’ என்று அவன் வாய் சொன்னது. சொன்ன உடனே மீதி முழுவதும் வரிசையாகத் தெரிந்தது: நீ ஒண்ணும் தொடாதே, நான் சாயங்காலம் வந்து பார்க்கறேன், சாயங்காலம் போய், அவள் பக்கத்தில் நின்று கவலையோடு பார்க்க, தான் திறந்ததைத் தானே மூடுவான், போயிடுச்சு, இனிமே வராது என்பான், அவள் காபி கொடுப்பாள். ஒரு குறையும் இல்லாத வழி. அவளுக்கும் அதுதானே நல்லது, தெரியாவிட்டால் அவளுக்கு வலி இல்லை. இத்தனை சுத்தமாக அது தெரிந்ததில்தான் அவனுக்குப் பயம் வந்தது. ‘போலீசுக்கு ஏதாவது சொல்லணுமாங்க?’ என்றாள். அவள் குரலில் இருந்த நம்பிக்கையை அவனால் தாங்க முடியவில்லை. நல்லவனாக இருந்து சொல்லவில்லை, தாங்க முடியாமல்தான் சொன்னான். ‘மதி, நான்தான்.’

‘என்ன நீங்கதான்?’ என்றாள். ‘உள்ள இருக்கறது. ஆபீஸ்லேர்ந்து. நான்தான்.’ கீழே தெருவில் தள்ளுவண்டிக்காரன் ஒருவன் போனான், அவன் மணியை அவளும் போனில் கேட்டிருப்பாள். ‘எப்பலேர்ந்து?’ ‘இன்னைக்குத்தான். முதல் தடவை.’ உண்மைதான், ஆனாலும் அவன் காதுக்கே பொய்போல ஒலித்தது. ‘எதுக்கு?’ அதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தான். யாரோ இருக்கிறான் என்று நினைத்தேன். அதைச் சொல்லாக்கி அவள் காதில் போடவேண்டும், போட்டால் அது அங்கேயே இருக்கும், அவள் சாகும்வரை. சொல்லாவிட்டாலும் அவளே கண்டுபிடித்துக்கொள்வாள். கண்டுபிடித்துவிட்டாள், மூச்சு மாறியது. ‘ஓ’ என்றாள். அந்த ஒற்றை எழுத்துக்குப் பதில் அவள் அடித்திருக்கலாம். பிறகு, கொஞ்சம் கழித்து, சம்பந்தமே இல்லாததுபோல, ‘ராணியை அங்க வெச்சது நீங்களா?’ ‘கை பட்டுடுச்சு மதி. பெருசாக்கிப் பார்க்கலாம்னு.’ ‘ஜெயிச்சிருப்பேன்’ என்றாள். ‘தெரியும்’ என்றான். ‘உங்களுக்கு எப்படித் தெரியும்?’ அதில் கோபம் இல்லை, நிஜமாகவே கேட்டாள், அவனுக்கு எப்படித் தெரிந்திருக்க முடியும் என்று. மேசைமேல் மூடியபடி இருந்த டிபன் பாக்ஸைப் பார்த்தான். காலையில் அவள் கட்டிக்கொடுத்தது, கைப்பிடியில் ரப்பர் பாண்ட் இரண்டு சுற்று.

‘எப்படி உள்ள வந்தீங்க?’ என்றாள். ‘சாயங்காலம் வந்து நானே எடுத்துடறேன்.’ ‘இல்ல. இப்பச் சொல்லுங்க. நான் எடுக்கறேன்.’ சொன்னான். பிரவுசரில் போடவேண்டிய எண்களை ஒவ்வொன்றாக, புள்ளி வைக்கிற இடம் சொல்லி. அவன் சொன்னபடி அவள் செய்வது அவன் திரையில் அப்படியே வந்துகொண்டிருந்தது. செஸ் ஜன்னல் பின்னால் போய் ரூட்டரின் பக்கம் விரிந்தது. ‘பாஸ்வேர்ட் கேக்குது.’ அவனுக்குக் காது மடல் எரிந்தது. ‘உன் பேருதான். சின்ன எழுத்துல. அப்புறம் ஒண்ணு ரெண்டு மூணு.’ எழுத்துகள் விழும் சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொரு எழுத்துக்கும் திரையில் ஒரு கறுப்புப் புள்ளி. இடது பக்கம் நாலாவது வரி, அதற்குள் இரண்டாவது. அம்பு அவன் சொன்ன இடத்துக்கெல்லாம் போனது, தடுமாறவில்லை. வீடியோவைப் பத்துத் தடவை நிறுத்தி அவன் கற்றதை அவள் ஒருமுறை கேட்டுச் செய்துகொண்டிருந்தாள். ‘வீடுன்னு ஒண்ணு இருக்கு’ என்றாள். ‘ஹோம்னு இங்கிலீஷ்ல. அதுவா?’ அந்த வழிக்கு ஒரு பெயர் வைக்கச் சொன்னது ரூட்டர், அன்றைக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ‘அதுதான்.’ ‘இதை அழிச்சா வேற யாரும் வர முடியாதில்ல?’ ‘வர முடியாது.’ ‘நீங்க?’ ‘நானும் முடியாது.’ ‘நிஜமாவா?’ என்றாள். இனி எதைச் சொன்னாலும் இந்தக் கேள்வி கூடவே வரும். ‘நிஜமா’ என்றான். அம்பு அழி என்ற சொல்லின்மேல் போய் நின்றது. அங்கேயே கொஞ்சம் நின்றது. அவளும் ஒருவேளை இந்தப் பக்கம் இருக்கும் அவனைப் பார்க்க முயல்கிறாளோ என்று தோன்றியது. அவளால் முடியாது, இந்த வழி ஒரு பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி அவன் செய்தது. அழுத்தினாள். ரூட்டர் ஒருமுறை அணைந்து எழுந்திருக்கவேண்டும். சதுரம் அப்படியே உறைந்து, பிறகு சாம்பலாகி, இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று ஒரு வரி வந்தது.

‘இப்ப ஏதாவது தெரியுதா உங்களுக்கு?’ ‘இல்ல.’ ‘சரி’ என்றாள். வேறு ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தான், திட்டுவாள், அழுவாள், அவள் அண்ணனைக் கூப்பிடுவேன் என்பாள். போன் மேசைமேல் வைக்கப்படும் சத்தம் கேட்டது. அணைக்க மறந்துவிட்டாள். நாற்காலி ஒருமுறை சுழன்றது, எழுந்து போனாள்போல, குழாய் திறந்தது, நின்றது, மறுபடி நாற்காலி. கேமரா மேல் போட்ட துணியை எடுக்கிறாளோ, சரசரவென்றது. பிறகு க்ளிக். இன்னொரு க்ளிக். ரூட்டர் எழுந்துவிட்டது, ராணி இல்லாமல் ஆடுகிறாளா, புதிதாக ஒன்றை ஆரம்பித்துவிட்டாளா? தனபாலன் போனைக் காதோடு அழுத்தி வைத்திருந்தான். அவள் கூப்பிட்ட போன்தானே, அவளே வைத்துவிட்டுப் போனதுதானே, இதில் அவன் செய்தது ஒன்றுமில்லையே. மூன்றாவது க்ளிக் வந்தது, அதோடு அவள் மூக்கை உறிஞ்சும் சத்தமும். அப்போதுதான் தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. போனைக் காதிலிருந்து எடுத்து, சிவப்பு வட்டத்தைத் தேடி, அழுத்தினான்.